கொறங்காட்டுப் புல்லும் கம்பிக் கூண்டும்: கொங்கு வீடுகளில் முயல் வளர்ப்பு

வீட்டில் வளர்க்கும் முயலை எங்கே வைப்பது, அதற்கு என்ன கொடுப்பது? சின்னக் கேள்விதான். ஆனால் கோயம்புத்தூரில் நான்கு பேரிடம் கேட்டால் நான்கு பதில் வரும். கடைக்காரர் ஒரு கம்பிக் கூண்டையும் குச்சித் தீவனப் பையையும் எடுத்து வைப்பார். ஊர்ப் பெரியவர், முட்டைக்கோஸ் தழையும் கேரட்டும் போதும், தண்ணீர் மட்டும் வைக்கக் கூடாது என்பார். பண்ணைக் கையேடு சதுர அடிக் கணக்கும் அடர்தீவனக் கணக்கும் சொல்லும். இங்கிலாந்து, அமெரிக்க முயல் நலச் சங்கங்களின் அறிவுரையைப் படித்த இளைஞர், கூண்டே கூடாது, திமோத்தி என்ற உலர்புல்தான் உணவு என்பார்.

இந்தப் பதில்கள் ஒவ்வொன்றும் ஏதோ ஓர் ஊரில், ஏதோ ஒரு தேவைக்காகப் பிறந்தவை. அந்த ஊரையும் தேவையையும் மறந்துவிட்டுப் பதிலை மட்டும் எடுத்து வந்தால் முயல்தான் அவதிப்படும். பதில்களின் பிறப்பிடம் எது, அவை எங்கே பிசகுகின்றன, கொங்கு மண்ணுக்கும் வெயிலுக்கும் எவ்வளவு பொருந்துகின்றன என்பதே இங்கே ஆராயப்படுகிறது.

ஒரே பெயர், இரண்டு விலங்குகள்

குழப்பம் பெயரிலேயே தொடங்கிவிடுகிறது. தமிழில் முயல் என்ற ஒரு சொல் இரண்டு விலங்குகளைக் குறிக்கிறது. நம் மேட்டாங்காடுகளில் ஓடுவது காட்டு முயல். பிடரியில் கறுப்புத் திட்டு உடையது. குறளில் வருவதும், நிலவில் நம் முன்னோர் கண்டதும், சிங்கத்தைக் கிணற்றில் விழவைத்த கதையில் வருவதும் இந்த முயல்தான். வீட்டில் வளர்ப்பதோ இன்றைய ஸ்பெயின், போர்ச்சுகல் பகுதியில் தோன்றிய ஐரோப்பிய முயலின் வழிவந்தது. காட்டு முயலுக்கு 48 குரோமோசோம்கள், வளர்ப்பு முயலுக்கு 44. இரண்டும் கலந்து குட்டி போடுவதில்லை. காட்டு முயல் வளை தோண்டாது. புல் மறைவில் படுத்துக்கொள்ளும், பெரும்பாலும் தனியாகத் திரியும். அதன் குட்டி உடம்பெல்லாம் மயிரோடு, கண் திறந்தே பிறக்கும். வளர்ப்பு முயலின் மூதாதையர் நிலத்தடியில் வளை தோண்டிக் கூட்டமாக வாழ்ந்தவை. அவற்றின் குட்டி மயிரில்லாமல், கண் மூடியபடி பிறக்கும்.

முயல் தண்ணீர் குடிக்காது என்ற நம்பிக்கை காட்டு முயலைப் பார்த்து எழுந்ததாக இருக்கலாம். பனி படிந்த பசும்புல்லை மேயும் விலங்குக்கு நீரின் பெரும்பகுதி புல்லிலேயே கிடைத்துவிடும். குட்டையில் குனிந்து குடிப்பதை ஆட்கள் பார்ப்பது அரிது. வீட்டில் உலர்ந்த தீவனம் தின்னும் முயலின் நிலை வேறு. உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு ஏறக்குறைய 50 முதல் 150 மில்லி வரை அது நீர் குடிக்கும். தண்ணீர் கிடைக்காவிட்டால் தீனியையும் விட்டுவிடும். பாட்டிலில் பொருத்தும் குழாயைவிடத் திறந்த சட்டியில் வைத்தால் கூடுதலாகக் குடிக்கிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. கனமான மண் சட்டி கவிழாது, தண்ணீரையும் குளிர வைத்திருக்கும். இந்த ஒரு விஷயத்தில் நம் வீட்டுப் பொருளே கடைப் பொருளை மிஞ்சுகிறது.

இதன் மறுபக்கமும் உண்டு. சோளத்தட்டு அறுக்கையில் வரப்போரம் தனியாகக் கிடக்கும் காட்டு முயல் குட்டியை அநாதை என்று நினைத்து வீட்டுக்குத் தூக்கி வருகிறார்கள். தாய் முயல் குட்டிக்குப் பால் கொடுக்க நாளுக்கு ஓரிரு முறைதான் வரும். மற்ற நேரமெல்லாம் குட்டி அசையாமல் தனியே கிடப்பதுதான் அதற்குப் பாதுகாப்பு. எடுத்து வந்த குட்டிகள் பெரும்பாலும் பிழைப்பதில்லை. காட்டு முயலைப் பிடிப்பது 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமும் ஆகும்.

கம்பிக் கூண்டின் பிறப்பிடம்

முயல் எப்போது வீட்டு விலங்கானது என்பதற்கு நீண்ட காலமாக ஒரு கதை சொல்லப்பட்டு வந்தது. கி.பி. 600 வாக்கில் போப் கிரிகோரி, முயலின் பிறவாத குட்டிகளை நோன்பு நாளில் உண்ணலாம் என்று அனுமதித்தார், அதனால் பிரெஞ்சு மடாலயத் துறவிகள் முயலைக் கூண்டில் வளர்க்கத் தொடங்கினர் என்பது அந்தக் கதை. 2018-இல் வெளியான ஓர் ஆய்வு மூல ஆவணங்களைத் தேடிப் பார்த்து, அப்படியோர் ஆணையே இல்லை, பழைய நூலாசிரியர்கள் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியதில் நேர்ந்த பிழை அது என்று காட்டியது. முயலைப் பற்றி உறுதியாகச் சொல்லப்படும் பலவற்றின் நிலை இதுதான்.

தமிழ்நாட்டில் முயல் வளர்ப்பு அறிவு பெரிதும் இறைச்சித் தேவையை ஒட்டி வளர்ந்தது. கொடைக்கானல் மலையில் மன்னவனூரில் மத்திய செம்மறியாடு மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல மையம் இருக்கிறது. நீலகிரியில் சாண்டிநல்லாவில் கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் செம்மறியாடு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. நியூசிலாந்து வெள்ளை, சோவியத் சின்சில்லா, ஒயிட் ஜெயன்ட் போன்ற இனங்கள் இத்தகைய நிலையங்களின் வழியாகவே உழவர்களிடம் பரவின. பண்ணைக் கையேடுகளில் வழக்கமாகக் காணப்படும் அளவு, வளர்ந்த ஆண் முயலுக்கு 4 சதுர அடி, தாய் முயலுக்கு 5 சதுர அடி. அடித்தளம் கம்பி வலை.

கொங்கு நாட்டில் இந்தக் கூண்டு வேகமாகப் பரவியதற்கு இன்னொரு காரணமும் இருப்பதாகத் தோன்றுகிறது. நாமக்கல் முட்டைக்கோழிக்கும் பல்லடம் கறிக்கோழிக்கும் பேர்போன ஊர்கள். கூண்டில் வளர்ப்பதும், ஆலைத் தீவனம் போடுவதும் இங்கே ஊறிப்போன பழக்கம். வெல்டு மெஷ் கூண்டு செய்யும் பட்டறை தேடி அலைய வேண்டியதில்லை. கோழிக்குச் செய்த கூண்டு சற்றே அளவு மாறி முயலுக்கு வந்தது இயல்பான நகர்வு.

கம்பித் தளத்துக்கு ஆதரவான வாதத்தை எளிதாகத் தள்ளிவிட முடியாது. முயல்களைக் கொல்லும் நோய்களில் முக்கியமானது காக்சிடியோசிஸ் என்ற கழிச்சல். புழுக்கையோடு வெளிவரும் அதன் கருமுட்டைகள் ஈரமும் வெப்பமும் உள்ள தரையில் ஓரிரு நாள் கிடந்த பிறகே நோய் பரப்பும் நிலையை அடைகின்றன. புழுக்கை கம்பி இடுக்கு வழியே கீழே விழுந்துவிட்டால் அந்தச் சுழற்சி அறுகிறது. ஐம்பது முயல் உள்ள கொட்டகையில் இது உயிர் காக்கும் ஏற்பாடு.

ஆனால் முயலின் பின்னங்காலைத் திருப்பிப் பார்த்தால் வாதத்தின் மறுபுறம் தெரியும். நாய்க்கும் பூனைக்கும் இருப்பது போன்ற தடித்த மெத்தை முயலுக்குக் கிடையாது. உள்ளங்காலைக் காப்பது அடர்ந்த மயிர் மட்டுமே. நாள் முழுதும் கம்பியில் உட்கார்ந்தால் குதிகால் பக்கம் மயிர் தேய்ந்து, காசளவுக்குத் தோல் சிவந்து வழுக்கையாகும். பிறகு அது பிளந்து புண்ணாகும். கவனிக்காவிட்டால் எலும்பு வரை போகும். உடல் கனத்த இனங்களுக்கும் நகம் வெட்டாத முயல்களுக்கும் இது விரைவில் வருகிறது. ஓடித் தாவ இடமில்லாத முயல்களுக்கு எலும்பு வலுவிழப்பதும் பதிவாகியிருக்கிறது.

இறைச்சி முயல் ஏறக்குறைய 12 வாரத்தில் 2 கிலோ எடையை எட்டிப் பண்ணையை விட்டுப் போய்விடும். வீட்டு முயல் நன்றாகப் பார்த்துக்கொண்டால் 8 முதல் 12 ஆண்டு வரை வாழும். 12 வாரத்துக்கு வகுத்த கூண்டைப் பத்தாண்டுக்கு நீட்டுவதுதான் பிழை. கையேட்டை எழுதியவர்கள் அதற்குப் பொறுப்பாளிகள் இல்லை. 1960-ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆவது பிரிவு, நியாயமான அளவு அசைய இடமில்லாத கூண்டில் விலங்கை அடைப்பதைக் குற்றமாக்குகிறது. அந்த அளவு என்ன என்று வீட்டு முயலுக்குச் சட்டம் எண்ணால் சொல்லவில்லை.

கூண்டை மறுத்தவர்கள்

கூண்டுக்கு எதிரான வலுவான குரல் அமெரிக்காவிலிருந்து வந்தது. 1985-இல் மரினெல் ஹாரிமன் வீட்டுக்குள் முயல் வளர்ப்பது பற்றி ஒரு கையேடு எழுதினார். 1988-இல் கலிஃபோர்னியாவில் ஹவுஸ் ராபிட் சொசைட்டி தொடங்கப்பட்டது. பூனையைப் போல முயலும் வீட்டுக்குள் நடமாடலாம், ஒரு தட்டில் மட்டும் மூத்திரம் போகப் பழகும் என்பது அவர்கள் எடுத்துக்காட்டிய உண்மை. இங்கிலாந்தின் முயல் நலச் சங்கம் இரண்டு முயல்களுக்குக் குறைந்தது 3 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், 1 மீட்டர் உயரம் உள்ள ஒரே தொடர்ச்சியான இடம் வேண்டும் என்கிறது. கணக்கிட்டால் ஏறத்தாழ 65 சதுர அடி. பண்ணைக் கையேட்டின் நான்கு, ஐந்து சதுர அடியோடு ஒப்பிட்டால் இரண்டு உலகங்களும் எவ்வளவு தள்ளி நிற்கின்றன என்பது விளங்கும்.

இந்தத் தரப்பின் வாதம் முயலின் உடலமைப்பை ஒட்டியது. மூன்று தாவலாவது தொடர்ந்து தாவ வேண்டும், பின்னங்காலில் நிமிர்ந்து நிற்கக் காது இடிக்காத உயரம் வேண்டும் என்பதை மறுப்பது கடினம். அதன் குறை வேறிடத்தில் இருக்கிறது. அது குளிர்நாட்டு வீட்டை மனதில் வைத்து எழுதப்பட்டது; கவலையெல்லாம் பனியும் உறைகுளிரும் பற்றியது. சிங்காநல்லூரிலோ திருப்பூரிலோ இரண்டு அறை வாடகை வீட்டில் இருப்பவருக்கு 65 சதுர அடி பெரிய பங்கு. மின்கம்பியைக் கடித்து முயல் இறப்பதும், திறந்த கதவு வழியே தெருநாய் நுழைவதும் எங்கும் நடக்கக்கூடியவை.

இடைப்பட்ட வழி ஒன்று நடைமுறையில் உருவாகி வருகிறது. மடக்கக்கூடிய கம்பி வேலியை அறையின் ஒரு மூலையில் அடைத்து, அதற்குள் கூண்டைக் கதவு கழற்றிய படுக்கையாக மட்டும் வைப்பது. மாலையும் இரவும் அறை முழுதும் திறந்துவிடுவது. நம் வீடுகளின் வழவழப்பான டைல்ஸ் தரையில் முயல் கால் சறுக்கி இடுப்பைச் சுளுக்கிக்கொள்ளும். சாக்கோ சாயமில்லாத கோரைப்பாயோ விரிக்க வேண்டும். பனியன் வேஸ்ட் துணி திருப்பூர் வட்டாரத்தில் மலிவாகக் கிடைப்பதால் படுக்கைக்கு அதைப் போடத் தோன்றும். அது வேண்டாம். பிரிந்த நூல் குட்டியின் காலில் சுற்றி இறுக்கும், விழுங்கினால் குடலில் சிக்கும்.

கேரட்டும் குச்சித் தீவனமும்

கேரட் முயலின் உணவு என்ற எண்ணம் படக்கதையும் கார்ட்டூனும் கொடுத்தது. பக்ஸ் பன்னி திரைக்கு வந்தது 1940-இல். ஊட்டிக் கேரட் மேட்டுப்பாளையம் மண்டி வழியாக மூட்டை மூட்டையாக இறங்கும் வட்டாரத்தில் இந்த எண்ணம் வேரூன்றியதில் வியப்பில்லை. கிழங்கில் சர்க்கரை அதிகம். விரல் நுனியளவு துண்டு அவ்வப்போது கொடுத்தால் கேடில்லை. முயலுக்கு நல்லது அதன் தழை. அதையோ கிள்ளி எறிந்துவிடுகிறார்கள். சோறு, இட்லி, பிஸ்கட் ஆகியவை இன்னும் மோசம்.

ஏன் என்பதற்கு முயலின் வயிற்றைப் பார்க்க வேண்டும். மாடு அசை போடுகிறது. முயலுக்கு அந்த வசதி இல்லை. அதன் நொதிப்பு நடப்பது குடலின் பின்பகுதியில் இருக்கும் சீக்கம் என்ற பெரிய பையில். அங்கே நுண்ணுயிர்கள் நாரைச் சிதைத்துச் சத்தாக்குகின்றன. அந்தச் சத்து வெளியேறிவிடாமலிருக்க முயல் ஒரு வேலை செய்கிறது. ஓய்ந்திருக்கும் நேரத்தில் தலையைக் கால்களுக்கு இடையே வளைத்து, குட்டித் திராட்சைக் கொத்துப் போல ஒட்டிப் பளபளக்கும் மென்மையான புழுக்கையை நேரே வாயில் எடுத்து மெல்லாமல் விழுங்கிவிடும். நாம் பார்க்கும் உருண்டையான காய்ந்த புழுக்கை இரண்டாம் சுற்றின் மிச்சம். மாவுச்சத்து மிகுந்தால் சீக்கத்தின் நுண்ணுயிர்ச் சமநிலை குலைந்து கெட்ட கிருமிகள் பெருகும். நார் குறைந்தால் குடல் அசைவே நின்றுபோகும். முயலால் வாந்தி எடுக்க முடியாது. அரை நாள் தீனி எடுக்காத முயல் மருத்துவரிடம் போக வேண்டிய முயல். அதன் பற்களும் வாழ்நாள் முழுக்க வாரத்துக்கு 2 மில்லிமீட்டருக்குக் குறையாமல் வளர்ந்துகொண்டே இருப்பவை. கரகரப்பான புல்லை மணிக்கணக்கில் அரைத்தால்தான் அவை தேயும்.

குச்சித் தீவனத்தின் நிறையும் குறையும் இங்கேதான் இருக்கின்றன. அமெரிக்காவின் தேசிய ஆராய்ச்சிக் குழு 1977-இல் வெளியிட்ட முயல் ஊட்டச்சத்து அட்டவணை, வளரும் முயலுக்கு 16 சதவீதப் புரதமும் 10 முதல் 12 சதவீத நார்ச்சத்தும் போதும் என்றது. இருக்கிற எடையைத் தக்கவைக்கும் முயலுக்கு 12 சதவீதப் புரதமும் 14 சதவீத நாரும் என்றது. உலகெங்கும் பண்ணைத் தீவனத்துக்கு இது நெடுங்காலம் அடிப்படையாக இருந்தது. வீட்டு முயலைப் பார்க்கும் மருத்துவர்கள் இன்று இதைவிட மிகக் கூடுதலான நாரைக் கேட்கிறார்கள். உணவில் பெரும்பகுதி உலர்புல்லாக இருக்க வேண்டும், குச்சித் தீவனம் நாளுக்கு ஒரு கைப்பிடிக்கு மேல் வேண்டாம் என்கிறார்கள். கடையில் கிடைக்கும் பையின் மேல் எழுதியிருக்கும் நார்ச்சத்து விழுக்காட்டைப் பார்த்தாலே அது பண்ணைக்கானதா வீட்டுக்கானதா என்று தெரிந்துவிடும்.

திமோத்தி விளையாத ஊரில்

உலர்புல்தான் அடிப்படை என்பதை ஏற்றுக்கொண்டால் அடுத்த கேள்வி எழுகிறது. எந்தப் புல்? மேலை நாட்டு நூல்கள் திமோத்தி என்கின்றன. அது குளிர்ப்பகுதிப் புல். கொங்குச் சமவெளியில் விளையாது. இறக்குமதிப் பை விலை அதிகம். வாங்க முடியாதவர் முட்டைக்கோஸுக்கே திரும்பிவிடுகிறார். இந்த இடத்தில்தான் வெளியிலிருந்து வந்த அறிவுரை நம் ஊரில் முறிகிறது.

திமோத்திக்கு மந்திரம் ஏதும் கிடையாது. அது விளையும் நாடுகளில் எளிதாகக் கிடைக்கும் புல், அவ்வளவுதான். அமெரிக்காவின் வெப்பமான தென்மாநிலங்களில் பெர்முடா புல்லை உலர்த்தி விற்கிறார்கள். முயலுக்கு அது ஏற்றது என்று அங்குள்ள முயல் வளர்ப்போரே சொல்கிறார்கள். பெர்முடா புல் என்பது வேறொன்றுமில்லை, பிள்ளையாருக்கு மாலை கட்டும் நம் அருகம்புல்தான்.

இன்னும் பெரிய வாய்ப்பு காங்கேயம், வெள்ளகோவில், தாராபுரம், மூலனூர் பக்கத்தில் இருக்கிறது. மழை குறைந்த செம்மண் பூமியை உழாமல் மேய்ச்சலுக்கென்றே விட்டு, சுற்றிலும் முள்கிளுவை வேலி அடைத்து, நடுநடுவே வெள்வேல மரம் நிற்க, தரையெங்கும் கொழுக்கட்டைப்புல் வளர்க்கும் கொறங்காடு உலகில் வேறெங்கும் எளிதில் காணக் கிடைக்காத முறை. காங்கேயம் காளையின் காலும் திமிலும் இந்தப் புல்லில் உருவானவை. கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகம் நீலக்கொழுக்கட்டைப்புல்லில் கோ 1 என்ற ரகத்தை வெளியிட்டிருக்கிறது. பூக்கும் பருவத்தில், விதைக்கொத்தின் முள் முற்றுமுன் அறுத்து, நிழலில் இரண்டு மூன்று நாள் உலர்த்தினால் பச்சை நிறம் மாறாத, மணமுள்ள உலர்புல் கிடைக்கும். கையில் முறுக்கினால் சரசரக்க வேண்டும், ஈரம் ஒட்டக் கூடாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் எழும் புல்லை மழை ஓய்ந்த மார்கழி, தையில் அறுத்துச் சாக்கில் கட்டி வைத்தால் கோடையைக் கடத்தலாம்.

எச்சரிக்கைகளும் உண்டு. கொழுக்கட்டைப்புல்லிலும் கம்பு நேப்பியர் புல்லிலும் ஆக்சலேட் உப்பு கூடுதல். இவ்வகைப் புல்லை மட்டுமே நெடுநாள் தின்ற குதிரைகளுக்குச் சுண்ணாம்புச் சத்துக் குறைந்து எலும்பு கெட்டது பிற நாடுகளில் அறியப்பட்டது. முயலுக்கு என்ன ஆகும் என்பது குதிரை அளவுக்கு ஆராயப்படவில்லை. ஆகவே ஒரே புல்லை நம்பாமல் அருகம்புல்லும் கலந்து கொடுப்பது விவேகம். வாட்டம் கண்ட இளஞ்சோளப் பயிரில் சயனைடு நஞ்சு சேரும். மாடு செத்த கதை ஊரில் எல்லோருக்கும் தெரியும், முயலுக்கும் அது ஆகாது. முற்றிக் காய்ந்த தட்டில் அந்த ஆபத்து குறைவு, சத்தும் குறைவு. கடலைக்கொடி முயலுக்குப் பிடிக்கும். ஆனால் போரில் நனைந்து பூஞ்சணம் பிடித்த கொடியில், அதைவிடக் கடலைப் புண்ணாக்கில், அஃப்ளடாக்சின் இருக்கலாம்; அந்த நஞ்சு மிக எளிதில் தாக்கும் விலங்குகளில் முயல் ஒன்று. சாலையோரப் புல்லில் பார்த்தீனியமும் உண்ணிச்செடியும் கலந்திருக்கும், சாக்கடை நீரும் பாய்ந்திருக்கும். அரளி இலை வீட்டருகே வேண்டாம்.

பயறு இனத் தீவனங்களின் நிலை வேறு. முயல் மசால், வேலிமசால், குதிரை மசால் என்று பல்கலைக்கழகம் பரப்பிய பெயர்களில் ஒன்றில் முயலே இருக்கிறது. அகத்தியும் முருங்கையும் கொல்லையில் உண்டு. இவை புரதமும் சுண்ணாம்பும் மிகுந்தவை. முயலின் உடல் மற்ற விலங்குகளைப் போல் தேவைக்கேற்பச் சுண்ணாம்பை உறிஞ்சுவதில்லை. கிடைத்ததை எல்லாம் உறிஞ்சி, மிஞ்சியதைச் சிறுநீரில் வெளியேற்றும். அதனால் வளரும் குட்டிக்கும் சினை முயலுக்கும் ஏற்ற இந்தத் தழைகள், கூண்டில் அசையாமல் கிடக்கும் வளர்ந்த முயலுக்குச் சிறுநீர்ப் பையில் சுண்ணாம்புக் குழம்பாகத் தேங்கலாம். சூபாபுல் மரத்தின் தழையில் மைமோசின் என்ற பொருள் இருக்கிறது. மிகுந்தால் முயலுக்கு மயிர் உதிரும். கையேடுகள் இத்தழைகளைத் தாராளமாகப் பரிந்துரைப்பதை, எடை ஏற்றும் நோக்கத்தோடு சேர்த்தே படிக்க வேண்டும்.

வெயில் என்ற எல்லை

புல்லுக்கு உள்ளூரில் விடை உண்டு. வெயிலுக்கு அவ்வளவு எளிதான விடை இல்லை. முயலுக்கு இதமான வெப்பம் ஏறக்குறைய 15 முதல் 25 டிகிரி செல்சியஸ். 30-ஐத் தாண்டினால் தவிக்கும். 35-க்கு மேல் உடல் வெப்பத்தைக் கட்டுப்படுத்துவது அதற்கு மிகக் கடினம். அதற்கு வியர்க்காது. சூட்டை வெளியேற்றுவது பெரும்பாலும் காதுகளின் ரத்தக் குழாய்களும் மூச்சும்தான். மன்னவனூரும் சாண்டிநல்லாவும் 2,000 மீட்டர் அளவிலோ அதற்கு மேலோ உள்ள மலை ஊர்கள். கோயம்புத்தூர் கடல் மட்டத்திலிருந்து 400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மார்ச், ஏப்ரலில் இங்கே பகல் வெப்பம் 35-ஐ ஒட்டி நிற்கும். ஈரோடும் கரூர் பரமத்தியும் 40-ஐத் தொடுவது கோடைச் செய்திகளில் வழக்கம். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று கோயம்புத்தூரைக் குளிர்விக்கிறது. கரூருக்கு அந்தக் கொடுப்பினை குறைவு.

மொட்டை மாடியில் தகரமோ ஆஸ்பெஸ்டாஸோ போட்ட கொட்டகையில் கூண்டு வைப்பது நகரத்தில் பரவலான தீர்வு. சித்திரை மதியத்தில் அது அடுப்பு. மூக்கு நனைந்து, காது சிவந்து, பக்கவாட்டில் நீட்டிப் படுத்து வேகமாக மூச்சு வாங்கும் முயலைப் பார்த்தால் காதை ஈரத்துணியால் துடைக்க வேண்டும். குளிர்ந்த நீரில் முக்கினால் அதிர்ச்சியிலேயே இறக்கக்கூடும். கீழ்த்தளத்தில் வடக்குப் பார்த்த அறை, சிமெண்ட் தரை, உறைய வைத்த தண்ணீர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைப்பது ஆகியவை உதவும். கொங்குக் கோடை பெரும்பாலும் வறண்டது என்பது ஒரு நன்மை. ஜன்னலில் தொங்கவிட்ட ஈரச்சாக்கு சென்னையின் புழுக்கத்தில் தராத குளிர்ச்சியை இங்கே தரும். ஆனால் சாக்கை நனைக்க வீட்டில் ஆள் வேண்டும். கணவனும் மனைவியும் வேலைக்குப் போகும் வீட்டில் மதியம் இரண்டு மணிக்கு யார் இருப்பார்கள்?

துணையும் மருத்துவமும்

முயல் கூட்ட விலங்கு என்பதால் ஜோடியாக வளர்க்கச் சொல்கிறார்கள். கருத்தடை செய்யாத ஜோடி 31 நாளுக்கு ஒருமுறை குட்டி போடும். இரண்டு ஆண்கள் ஒன்றையொன்று கடித்துக் குதறும். கருத்தடை செய்யாத பெண் முயல்களில் வயது ஏற ஏறக் கருப்பைப் புற்று மிகுந்து காணப்படுவதும் பழைய ஆய்வுகளிலிருந்தே அறியப்பட்டது. ஆக அறுவை சிகிச்சையின் தேவை தெளிவு. முயலுக்கு மயக்க மருந்து கொடுத்துப் பழகிய மருத்துவர்கள் நகரத்தில் சிலர், சிற்றூரில் மிகச் சிலர். நாய்க்கு உண்ணிக்குப் போடும் ஃபிப்ரோனில் மருந்து முயலுக்கு நஞ்சு. அமாக்சிசிலினை வாய்வழி கொடுத்தால் சீக்கத்தின் நல்ல நுண்ணுயிர்கள் அழிந்து முயல் இறக்கலாம். வீட்டில் இருக்கும் மாத்திரையை உடைத்துக் கொடுக்கும் பழக்கம் இங்கே உயிரை எடுக்கும்.

இன்றைய நிலவரம்

தரப்புகளை எடைபோட்டால் சில விஷயங்களில் ஐயம் அதிகமில்லை. உலர்புல்லே அடிப்படை உணவு. தண்ணீர் எப்போதும் இருக்க வேண்டும். வெறும் கம்பித் தளத்தில் பத்தாண்டு வாழ்க்கை கூடாது. கையேட்டின் கூண்டு அளவு வீட்டு முயலுக்குப் பற்றாது.

65 சதுர அடிதான் எல்லையா, நாள்தோறும் சில மணி நேரம் அறை முழுதும் ஓடவிட்டால் சிறிய இடம் போதுமா என்பது முடிவாகாத கேள்வி. கொறங்காட்டுப் புல்லை ஆண்டுக் கணக்கில் தின்னும் முயலின் சிறுநீரும் பல்லும் எலும்பும் எப்படி இருக்கும் என்பதை யாராவது முறையாக ஆராய வேண்டும். கோயம்புத்தூரில் வேளாண்மைப் பல்கலைக்கழகமும், நாமக்கல்லிலும் உடுமலையிலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகளும் இருக்கின்றன. காங்கேயத்தில் புல் இருக்கிறது. இதைச் செய்ய இதைவிடப் பொருத்தமான வட்டாரம் கிடைக்காது. புல்லை உலர்த்திப் பையில் அடைத்து விற்க முன்வரும் கொறங்காட்டு உழவருக்கு அது சிறு வருமானமும் தரும்.

முயல் வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். குட்டியைத் தூக்கி வருவதற்கு முன், அதை வைக்கப் போகும் இடத்தில் ஒரு வெப்பமானியைத் தொங்கவிட்டுச் சித்திரை மாத மதியம் மூன்று மணிக்குப் பாருங்கள். 30-க்கு மேல் காட்டி, ஈரச்சாக்கும் மின்விசிறியும் வைத்த பிறகும் இறங்காவிட்டால் அந்த வீட்டுக்கு முயல் வேண்டாம்.